நல்லசிவத்தின் அளவுச் சட்டை

திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில், வண்டிப்பேட்டைச் சந்தில், மணி டெய்லர்ஸ் என்று பலகை மாட்டிய ஒற்றை ஷட்டர் கடையில், இருபத்து நாலு வருஷமாக ஒரு சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கின இடத்திலேயே அது சதை போட்டது, மழையில் நனைந்தது, வெயிலில் வெளுத்தது, முழங்கையில் கிழிந்து ஒட்டுப் போட்டுக்கொண்டது, ஒருமுறை மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தது. அந்தச் சந்தில் யாரும் இதை அதிசயமென்று சொல்லிக்கொள்வதில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் வாயைப் பிளந்தால், பழைய ஆட்கள் "அது நல்லசிவத்தோட அளவுச் சட்டை" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார்கள்.

கடை வசந்தாமணியுடையது. அப்பா உட்கார்ந்து தைத்த மிஷினில் அவர் போன பிறகு அவள் உட்கார்ந்தாள். தையல் சுத்தமாக இருக்கும், சொன்ன நாளில் மட்டும் கிடைக்காது. எப்போது போய்க் கேட்டாலும் "நாளைக்கு" என்பாள், மறுநாள் போனாலும் அதையேதான் சொல்வாள். கல்யாணப் பெண்கள் தாலி கட்டுகிற நேரத்துக்கு அரைமணி முன்னால் ரவிக்கை வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஆனாலும் அவளை விட்டு வேறு கடைக்குப் போக மனசு வராது, கழுத்து வெட்டு அப்படி. அவளுக்கு ஒரு விதி இருந்தது. ஆண்களுக்குச் சட்டை தைப்பாள், ஆனால் ஆண்கள் மேல் டேப் வைக்கமாட்டாள். நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால், அதை மேஜையில் பரத்தி அளவெடுத்துக்கொள்வாள். அந்தப் பழைய சட்டைக்குத்தான் அளவுச் சட்டை என்று பெயர், தைத்த சட்டையோடு சேர்த்து அதையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கும் அதே விதிதான். வசந்தாமணிக்கு இருபத்தைந்து வயதாயிருந்த தை மாசத்தில், போர்வெல் லாரியில் வேலை பார்த்த நல்லசிவம், சந்தன நிறத் துணி ஒன்றையும் நீலக்கட்டம் போட்ட தன் சட்டை ஒன்றையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். வைகாசியில் கல்யாணம், மறுநாள் அவன் லாரி ராய்ப்பூர்ப் பக்கம் கிளம்புகிறது, பங்குனிக்குள் திரும்பிவிடும் என்று பேச்சு. கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து அவள் அவனுக்குப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொடுத்தாள், மண்ணையும் பாறையையும் பார்த்து அலைகிறவனுக்கு அதாவது தெரிந்திருக்கட்டும் என்று. நாலு ஓட்டையிலும் நூலை விட்டு, பொத்தானுக்கு அடியில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். அவன் இடக்கைக்காரன், நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றினான், முடிச்சையும் உள்ளே போடாமல் வெளியே தெரிகிறமாதிரி போட்டான். அவள் மூன்று தடவை பிரித்துக் காட்டியும் நாலாவது தடவையும் அப்படியேதான் போட்டான். போகும்போது, சட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்டான். அவள் சிரிக்காமல் "நாளைக்கு" என்றாள்.

அவன் போன மூன்றாம் வாரம் ஒரு காலையில் கடையைத் திறந்தபோது சட்டையின் காலரில் செம்மண் படிந்திருந்தது. தட்டிவிட்டாள், மறுநாளும் இருந்தது. அடுத்த வாரம் முதுகில் உப்புப் பூத்த வியர்வை. அதற்கடுத்த வாரம், ஊரே வெயிலில் காய்கையில், சட்டை மட்டும் தொப்பலாக நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. வசந்தாமணி அதன் கீழே ஒரு வாளியை வைத்தாள். அளவுச் சட்டையின் வேலை ஆளின் அளவைச் சொல்வது, இந்தச் சட்டை அந்த வேலையைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்கிறது, அவன்மேல் எது படுகிறதோ அது இதன்மேலும் படுகிறது, அவ்வளவுதானே என்று அவளுக்குத் தோன்றியது. பயம் வரவில்லை. ஆசையாகத்தான் இருந்தது.

வேறு ஊராயிருந்தால் விஷயம் சட்டையை மடித்துப் பெட்டியில் வைப்பதோடு முடிந்திருக்கும். ஆனால் திருச்செங்கோட்டில் வீட்டுக்கு ஒருவர் போர்வெல் லாரியோடு வடக்கே போய் மண்ணைத் துளைத்தவர். முப்பது வருஷம் துளை போட்டு ஓய்ந்திருந்த காளியண்ணன் ஒருநாள் கடைவாசலில் நின்று, காலரிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்து, முகர்ந்து பார்த்துவிட்டு, "மகாசமுந்துக்குக் கெழக்கால. நூத்தம்பது அடிக்கு மேல போயும் தண்ணி வந்திருக்காது" என்றார். பத்து நாள் கழித்து நல்லசிவத்தின் கடிதம் வந்தது, மகாசமுந்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருப்பதாகவும் நூற்றெழுபது அடி போயும் புழுதிதான் வருகிறதென்றும் எழுதியிருந்தான். அன்றிலிருந்து மண் பார்ப்பது காளியண்ணன் பொறுப்பாயிற்று.

கறை பார்ப்பது சந்துமுனையில் மெஸ் நடத்திய சரோஜாவின் பொறுப்பு. கடுகெண்ணெய்க் கறைக்கும் கடலையெண்ணெய்க் கறைக்கும் வித்தியாசம் அவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டே தெரியும். சட்டையில் மீன்குழம்பு தெறித்திருந்தால் அன்றைக்கு மெஸ்ஸில் மீன்குழம்பு, உருளைக்கிழங்குப் பொரியல் ஒட்டியிருந்தால் உருளைக்கிழங்கு. இப்படியாக அந்தச் சந்தில் பாதிப்பேர் நல்லசிவம் என்ன சாப்பிட்டானோ அதையே ஒருநாள் பிந்திச் சாப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகள் சட்டையைப் பார்த்தே வடக்கத்தி மழைமாசங்களைப் படித்துக்கொண்டார்கள். லாரிக்குப் போன மகன்களின் சட்டைகளைக் கொண்டுவந்து பக்கத்தில் மாட்டிவிட்டுப் போன தாய்மார்களும் உண்டு. அவை வெறும் சட்டைகளாகவே தொங்கின, ஒரு மாசம் பார்த்துவிட்டு எடுத்துப் போனார்கள். சட்டைத் தண்ணீர் சாக்கடையில் விழுகிறதென்று நகராட்சியிலிருந்து வந்த ஆள்கூட, எந்த ஊர் மழை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனாரே தவிர நோட்டீஸ் கொடுக்கவில்லை.

பங்குனி போயிற்று, வைகாசியும் போயிற்று. முதலாளி லாரியை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார், நல்லசிவம் மாசத்துக்கு ஒரு கடிதம் போட்டுக்கொண்டே இருந்தான். எது எழுதினாலும் அது பத்து நாளுக்கு முன்பே சந்தில் தெரிந்த விஷயமாயிருந்தது. கடிதத்தில் சொல்லாததையும் சட்டை சொல்லியது. காலில் அடிபட்டதை அவன் மறைத்தான், சட்டையில் டிஞ்சர் மணந்தது. மெல்ல மெல்ல, கடிதம் வந்தால் சட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற வழக்கமாயிற்று. வசந்தாமணியும் பதில் போட்டாள், ஆனால் சட்டையைப் பற்றி ஒரு வரி எழுத வெட்கமாயிருந்தது. அவன் துணியை இப்படித் தெருவே தடவிப் பார்க்கிறது என்று எப்படி எழுதுவது?

இரண்டாம் வருஷம் மாசி மாசத்தில் ஒரு காலை, சட்டை முழுக்க மஞ்சள்.

குழம்பில் தெறித்த மஞ்சள் அல்ல. தோளிலும் மார்பிலும் கையிலும் கை நிறைய அள்ளிப் பூசிய அரைத்த மஞ்சள், கழுத்தோரம் குங்குமம், பூவிதழ் ஒன்று காலரில் ஒட்டிக்கொண்டிருந்தது. சரோஜா வந்து பார்த்தாள், தொட்டாள், முகர்ந்தாள், "இது கல்யாண மஞ்சளு" என்று வசந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். காளியண்ணன் வாசல்வரை வந்து திரும்பிப் போய்விட்டார். ஒரு ஆண்பிள்ளைக்கு உடம்பெல்லாம் மஞ்சள் பூசி நலங்கு வைப்பது எந்த நாளில் என்று கொங்குநாட்டில் குழந்தைக்கும் தெரியும். சட்டை பொய் சொல்லாது என்றும் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு மெஸ்ஸில் அடுப்பு மூட்டவில்லை.

பத்து நாள் கழித்து வழக்கம்போலக் கடிதம் வந்தது. வசந்தாமணி அதைக் கையில் வாங்கவில்லை. தெரிந்த விஷயத்தை அவன் கையெழுத்தில் வேறு படிக்க வேண்டுமா? வாங்க மறுத்ததாக எழுதித் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று தபால்காரரிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவனிடமிருந்து கடிதமே வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, எப்படி எழுதுவான் என்று சந்து அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டது. இனி அவனைப் பற்றி எந்த லாரிக்காரனிடமும் யாரும் விசாரிக்கக் கூடாது என்று வசந்தாமணி கேட்டுக்கொண்டாள். அப்படியே நடந்தது.

ஆனால் சட்டையை அவள் எடுத்துப் போடவில்லை. திருப்பிக் கொடுக்காத அளவுச் சட்டையைத் தூக்கிப் போட எந்த டெய்லருக்கும் உரிமை கிடையாது என்று சொல்லிக்கொண்டாள். அது கால்வாசி உண்மை. மீதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சந்தும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் தோளில் பால் கக்கின கறை வந்தது. இன்னும் நாலு வருஷம் கழித்து சட்டைப் பையில் பேனாவால் கிறுக்கல், இந்தி எழுத்து மாதிரி. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான் என்று சரோஜா முணுமுணுத்தாள், கொஞ்சம் பெருமையோடு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சட்டைக்குக் காய்ச்சல் வந்தது அந்த வருஷம்தான். தொட்டால் கை சுட்டது. கவனிக்க அங்கே ஒருத்தி இருப்பாள் என்று வசந்தாமணி தனக்குத் தானே பத்துத் தடவை சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டே ஈரத்துணி நனைத்து நனைத்து அதன் நெஞ்சில் போட்டாள், மூன்று நாள் மிஷினைத் தொடவில்லை. அவளைப் பெண்கேட்டு வந்தவர்களும் உண்டு. "அளவு சரியா வரலைங்க" என்று ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினாள், முப்பத்தைந்துக்குப் பிறகு யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் அவள் அந்தச் சட்டையைத் துவைத்து, கடை முன்னால் கொடியில் காயப்போட்டு, நீவிவிட்டு, இஸ்திரி போட்டு மாட்டுவாள். ஒன்பதாம் வருஷம் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, காய்ந்த சட்டையின் கைமடிப்பில் மண் ஒட்டியிருந்தது. காளியண்ணன் தேய்த்துப் பார்த்து, "இது நம்மூரு மண்ணாட்ட இருக்குது" என்றார். கொடியில் காய்கிற துணியில் நம்மூர் மண் ஒட்டாமல் அமெரிக்கா மண்ணா ஒட்டும் என்று எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். மறுநாள் சட்டையில் ஆந்திரா கரிசல்மண் இருந்தது, அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

இப்படியே வசந்தாமணிக்கு நாற்பத்தொன்பது வயது ஆயிற்று. கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. சட்டைக்கும் வயிறு போட்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பார்த்தபோது அதன் மூன்றாவது பொத்தானைக் காணோம். செவ்வாய்க்கிழமை அந்த இடத்தில் வேறொரு பொத்தான் இருந்தது, சாக்கு தைக்கிற தடித்த நீல நூலில்.

நூலின் முரட்டுத்தனம் பொறுக்காமல்தான் அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். நூல் பொத்தானுக்கு அடியில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது, எதிர்ப்பக்கமாக. முடிச்சு வெளியே தெரிந்தது.

அவள் சட்டையை இறக்கி மேஜையில் பரத்தினாள். ஏழு பொத்தான்கள், ஏழும் ஏழு காலத்தில் மாற்றியவை, வேறு வேறு நிறம், வேறு வேறு நூல். ஏழிலும் எதிர்ப்பக்கச் சுற்று, வெளிமுடிச்சு. முழங்கை ஒட்டைத் திருப்பிப் பார்த்தாள், அதுவும் அதே கை. இத்தனை வருஷம் தெருவே கறையைப் பார்த்தது, மண்ணைப் பார்த்தது, தையல்காரி அவள் ஒருத்தி பார்த்திருக்க வேண்டிய தையலை அவள் பார்க்கவில்லை. சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இதுல என்ன இருக்குது?" என்றாள் சரோஜா. "என்ர ஊட்டுக்காரரும்தான் முப்பது வருசமா தானே பட்டன் தெச்சுக்கறாரு. எனக்கு எங்க நேரம்?"

அதுவும் நியாயம்தான். பொத்தானை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது என்று வசந்தாமணிக்கும் தெரிந்தது. ஆனால் முதல்முறையாக அந்தச் சட்டை அவளுக்குப் பதிலைச் சொல்லாமல் ஒரு கேள்வியைக் கொடுத்திருந்தது. தப்பாக இருந்தால் பழைய அவமானத்தை மறுபடி ஒருமுறை படவேண்டும், ஐம்பது வயதில், தெருவே பார்க்க. சரியாக இருந்தால், இருபத்து நாலு வருஷத்தைத் தொலைத்தது வேறு யாருமில்லை, அவள்தான். எது மோசம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் காளியண்ணன் வீட்டுக்குப் போய், நல்லசிவம் இப்போது எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டாள்.

காளியண்ணனுக்கு எழுபத்தைந்து வயது. "கண்டுபுடிக்க என்ன அம்மிணி இருக்குது. காலர் மண்ணு ராய்கட் மண்ணு. அங்க நம்மூரு வண்டி எட்டு ஓடுது. ஒரு போனு போட்டாத் தெரிஞ்சுபோகும். எப்பவும் தெரிஞ்சிருக்கும். கேக்கக் கூடாதுன்னு சொன்னது நீதான்."

என்ன சொல்லச் சொல்வது என்று யோசித்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு அவளுக்கு உரிமை உண்டா தெரியாது. மனைவி மக்கள் சௌக்கியமா என்று கேட்க வாய் வராது. கடைசியில் கடைக்காரி சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லச் சொன்னாள்: அளவுச் சட்டை கடையில் கிடக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளவும்.

காளியண்ணன் ஒருவருக்குப் போன் போட்டார், அவர் இன்னொருவருக்கு, அந்த இன்னொருவர் லாரியில் ஏறிப் போய் நேரிலேயே சொன்னார். நல்லசிவம் கேட்டுக்கொண்டார், வருகிறேன் என்றோ இல்லையென்றோ சொல்லவில்லை என்று பதில் வந்தது. சந்து முழுவதும் சட்டையின் முன்னால் கூடியது. மூன்று நாள் அதே ராய்கட் மண், அதே கிரீஸ் வாசம். வசந்தாமணி யார் முகத்தையும் பார்க்காமல் தைத்தாள், தைத்ததைப் பிரித்தாள். நாலாம் நாள் சட்டையில் புதுச் சோப்பு மணந்தது, கையில் இஸ்திரி மடிப்பு நின்றது. ஐந்தாம் நாள் முதுகில் ரயில் ஜன்னல் கம்பியின் துருக்கோடு, வயிற்றில் டீ சிந்திய கறை. இந்த டீயில் இஞ்சி இல்லை, விஜயவாடா தாண்டியாயிற்று என்றாள் சரோஜா. ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. யார் வந்தாலென்ன, வெள்ளிக்கிழமை துவைக்கிற சட்டையைத் துவைக்கத்தானே வேண்டும் என்று வசந்தாமணி துவைத்துக் கொடியில் போட்டாள். பதினோரு மணிக்குக் காளியண்ணன் கைமடிப்பில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், "நம்மூரு மண்ணு."

இந்தமுறை யாரும் கேலி செய்யவில்லை.

ஆனால் பன்னிரண்டு ஆயிற்று, ஒன்றாயிற்று, ஆள் வரவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்துக்குக் கால்மணி நடை. சட்டையின் முதுகு வியர்த்துக்கொண்டே இருந்தது. வசந்தாமணிக்கு அப்போதுதான் ஒன்பதாம் வருஷத்து வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இதே மண், இதே இடத்தில், மறுநாள் ஆந்திரா கரிசல். அவன் அன்றைக்கும் வந்திருக்கிறான். வந்து, திரும்பிப் போயிருக்கிறான். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் வெயிலில் இறங்கிச் சந்துமுனைக்கு நடந்தாள்.

கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால், தோளில் ஒரு பையோடு நல்லசிவம் நின்றிருந்தார். வயிறு, தளர்ந்த தோள், வெளுத்த காலர் எல்லாம் அவள் அறிந்தபடியே இருந்தன. முகம் மட்டும் புதிது, சட்டையில் முகம் வராதல்லவா. அவர் அவளைப் பார்த்தார், பிறகு அவள் தோளுக்கு மேலே கடைமுன் கொடியைப் பார்த்தார். கடைக்கு வந்த வெளியாள் மாதிரி மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க, அந்தக் கொடியில காயறது யார்ர சட்டைங்க?"

"உங்களுதுங்க" என்றாள் வசந்தாமணி.

அவருக்குப் புரியவில்லை. தான் கொடுத்தது ஒல்லிப் பையனின் சட்டை, அது தொந்தி போட்ட மனுஷனின் சட்டை. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஒருதரம் வந்ததாகச் சொன்னார். இதே இடத்தில் நின்றாராம். ஒரு ஆண்பிள்ளைச் சட்டையை, பையில் பிள்ளைக் கிறுக்கல் இருந்த சட்டையை, அவள் கொடியில் போட்டு அத்தனை பாந்தமாக நீவிவிட்டதைப் பார்த்தாராம். நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று நினைத்து அப்படியே பஸ் ஏறிவிட்டாராம். "இன்னைக்கும் பார்த்துப்போட்டுத் திரும்பத்தான் நின்னேன். ஒருதடவ கேட்டுப்போட்டே போலாம்னு தோணுச்சு" என்றார்.

அவள் நடுத்தெருவில் நின்று அழுதாள், மறைக்கவில்லை. அழுதுகொண்டே மஞ்சளைப் பற்றிக் கேட்டாள். எந்த மஞ்சள் என்று அவர் விழித்தார். இரண்டாம் வருஷம் மாசி மாசம் என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பழைய கடித உறையை எடுத்தார், வாங்க மறுத்தார் என்று தபால்காரர் எழுதிய எழுத்து மங்கிப்போயிருந்தது. அளவுச் சட்டையின் பையில் எப்போதும் ஒரு நீள்சதுர மடிப்பு விழுந்திருக்கும், லைசென்ஸ் வைத்திருப்பான் என்றுதான் சந்து தீர்மானித்திருந்தது. அவள் உறையைக் கிழித்தாள். இருபத்து ரெண்டு வருஷத்துக் கடிதம் இப்படி இருந்தது:

'வசந்தாவுக்கு. இங்கே எல்லோரும் நலம். போன வாரம் எங்கள் சமையல்காரன் புத்ராமுக்குக் கல்யாணம். இந்த ஊரில் மாப்பிள்ளைக்கு மட்டும் மஞ்சள் பூசுவதில்லை, வந்தவன் போனவன் எல்லோரையும் பிடித்துப் பூசிவிடுகிறார்கள். என் சட்டையே பாழ். நான் ஓடப் பார்த்தேன், விடவில்லை. நம் கல்யாணத்துக்கும் இவர்களைக் கூப்பிட்டால் உன் தெருவையே மஞ்சளாக்கிவிடுவார்கள். புத்ராம் சமையலில் சதை போட்டிருக்கிறேன், கல்யாணச் சட்டையைக் கொஞ்சம் தாராளமாகத் தை.'

அவள் படித்தாள், பின்னாலேயே வந்து நின்ற காளியண்ணன் வாங்கிப் படித்தார், படிக்கத் தெரியாத சரோஜாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். பால் கறையும் பேனாக் கிறுக்கலும் புத்ராமின் மகளுடையவை என்றார் நல்லசிவம். ஒரே கொட்டகையில் இருந்தார்களாம், இவர் தூக்கி வளர்த்த பிள்ளையாம், இப்போது நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாளாம். சந்தே தலையைக் குனிந்துகொண்டு நின்றது. மண்ணைச் சரியாகச் சொன்னவர்கள், எண்ணெயைச் சரியாகச் சொன்னவர்கள், மஞ்சளை மட்டும் தங்கள் வீட்டு மஞ்சளாகப் பார்த்துவிட்டார்கள்.

"நான்தான் சொன்னேன், கல்யாணம்னு" என்றாள் சரோஜா, யாரிடமும் இல்லாமல். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"நான் வாங்கியிருக்கலாம்" என்றாள் வசந்தாமணி.

கடைக்கு வந்ததும் நல்லசிவம் கொடியிலிருந்த சட்டையைக் கையில் எடுத்தார். எடுத்த மாத்திரத்தில் அதன் வயிறு வற்றியது, ஒட்டு மறைந்தது, நீலக்கட்டம் பளிச்சென்று நிறம் கொண்டது. இருபத்தேழு வயசுப் பையனின் ஒல்லிச் சட்டையாக, புழுதியில்லாமல், வாசமில்லாமல், அவர் கையில் கிடந்தது. அதற்குப் பிறகு அது எதுவும் சொல்லவில்லை. காளியண்ணன் வழக்கம்போல விரலால் தேய்த்துப் பார்த்தார், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. இனி நாளைக்கு மெஸ்ஸில் என்ன சமைப்பது என்று சரோஜாவுக்கு நிஜமாகவே கவலை வந்தது.

வசந்தாமணி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சந்தன நிறத் துணி, வெட்டியது வெட்டியபடி, முன்பக்கம் ரெண்டு, முதுகு ஒன்று, கைகள், காலர். கல்யாணத்துக்குப் பிறகு சதை போடுவான் என்று அன்றைக்கே பக்கவாட்டில் ரெண்டு விரல் துணி கூடுதலாக விட்டுத்தான் வெட்டியிருந்தாள். இப்போது அது போதாது என்று பார்த்தாலே தெரிந்தது. பக்கத்துக்கு ஒரு பட்டை வைத்து இணைக்க வேண்டும், அந்த நிறத்தில் துணி இனிக் கிடைக்காது, வேறு நிறம் வைத்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

அளவுச் சட்டை இனி உதவாது. அவள் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள், அந்தக் கடையில் முதல்முறையாக ஒரு ஆண்பிள்ளையின் முன்னால் வந்து நின்றாள்.

"கையத் தூக்குங்க."

அவர் தூக்கினார். டேப்பைச் சுற்றிக் கொண்டுவர அவள் அவரைக் கட்டிக்கொள்கிற மாதிரித்தான் கையைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சந்து முழுவதும் வாசலில் நின்று பார்த்தது, யாரும் நகரவில்லை, அவளும் போகச் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று அங்குலம். போன வாரம் வரை சட்டையில் இருந்த அளவை விட ஒரு அங்குலம் குறைவு, வழியில் சரியாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது. அதை அவள் அளவு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"எப்பக் கெடைக்கும், வசந்தா?" என்றார் அவர்.

அவள் என்ன சொல்வாள் என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும். ரெண்டு பேர் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மிஷினில் உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் இருந்ததால் ரெண்டு தடவை தவறியது. அவர் பையிலிருந்து தன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, இடக்கையால் நூலை வாங்கிக் கோத்துக் கொடுத்தார்.

"நாளைக்கெல்லாம் வேண்டாம்" என்றாள் வசந்தாமணி. "இங்கயே உக்காருங்க. தெச்சுத் தர்றேன்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.